சிஸ்டம்ஸா, இயந்திரக் கற்றலா? ஜார்ஜியா டெக் பட்டத்தின் பத்துப் பாடக் கணக்கு

அமெரிக்காவின் அட்லாண்டாவில் இருக்கும் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கணினி அறிவியல் எம்.எஸ். படிப்பில் இடம் கிடைத்தவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தச் சிறப்புப் பிரிவை எடுப்பது? கேட்பவர்களில் பாதிப் பேர் மனத்துக்குள் ‘இயந்திரக் கற்றல்’ என்று ஏற்கெனவே முடிவுகட்டிவிட்டு, யாராவது ஆமாம் போடட்டும் என்று காத்திருப்பவர்கள். அவர்களுக்கு ஒரு தகவல். பட்டச் சான்றிதழில் சிறப்புப் பிரிவின் பெயர் இருக்காது. கணினி அறிவியலில் முதுகலை என்று மட்டுமே அச்சாகும். இணையத்தில் படித்தது என்றுகூட அதில் இராது. பிரிவின் பெயர் மதிப்பெண் பட்டியலில்தான் வரும். நேர்காணல் எடுப்பவர் அதை வாங்கிப் பார்ப்பது அபூர்வம்.

ஆகவே பெயருக்காகப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டியது பாடங்களைப் பற்றி; அதைவிட முக்கியமாக, அவற்றை எந்த வரிசையில் எடுப்பது என்பதைப் பற்றி. கம்ப்யூட்டிங் சிஸ்டம்ஸ், இயந்திரக் கற்றல் என்ற இரண்டு பெரிய பாதைகளுக்கும் நடுவே இருக்கும் தூரம் வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிவதைவிட மிகக் குறைவு. பத்தே பாடங்களில் இரண்டு பாதைகளின் நிபந்தனைகளையும் நிறைவேற்ற முடியும். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதற்கு முன் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2014 ஜனவரியில் தொடங்கிய பட்டம் இது. யுடாசிட்டி நிறுவனம் காணொளிப் பாடங்களுக்கும், ஏடி அண்டு டி நிறுவனம் பணத்துக்கும் துணைநின்றன. தொடங்கியபோது முழுப் பட்டத்துக்கும் ஏழாயிரம் டாலருக்குள் முடிந்துவிடும் என்பதுதான் பெரிய செய்தியாக இருந்தது. அமெரிக்க வளாகங்கள் பலவற்றில் அந்தத் தொகை ஒரு பருவத்துக்கே போதாது. மொத்தம் 30 கிரெடிட். பாடத்துக்கு மூன்று வீதம் பத்துப் பாடங்கள். ஆய்வேடு எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். சேர்ந்த முதல் 12 மாதங்களில், அடித்தளப் பாடங்கள் என்று குறிக்கப்பட்டிருக்கும் பட்டியலிலிருந்து இரண்டையாவது ‘பி’ அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தில் தேறியாக வேண்டும். தவறினால் தொடர்ந்து படிக்க முடியாது.

இன்னொரு விதி இருக்கிறது. அதைப் பலர் மேலோட்டமாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். சிறப்புப் பிரிவுக்குள் எண்ணப்படும் ஒவ்வொரு பாடத்திலும் ‘பி’ வாங்க வேண்டும். பிரிவுக்கு வெளியே உள்ள பாடங்களில் ‘சி’ வந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். ‘ஏ’ 4, ‘பி’ 3, ‘சி’ 2 என்று எண்ணிப் போடும் மொத்தச் சராசரி 3.0-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும். எந்தப் பிரிவு என்பதையோ படிப்பின் பிற்பகுதி வரை மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், திட்டமிடத் தெரிந்தவருக்கு இவற்றில் ஒரு காப்பீடே ஒளிந்திருக்கிறது.

மூன்று பாதைகள்

கம்ப்யூட்டிங் சிஸ்டம்ஸ் பிரிவுக்கு ஆறு பாடங்கள். முதுகலை அல்காரிதம் பாடமான சிஎஸ் 6515 கட்டாயம். மாணவர்கள் அதை ‘ஜிஏ’ என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மேம்பட்ட இயங்குதளங்கள், கணினி வலையமைப்பு, உயர்திறன் கணினிக் கட்டமைப்பு, மென்பொருள் உருவாக்க முறை, தரவுத்தளம், கம்பைலர் போன்றவற்றில் இரண்டு மையப் பாடங்கள். பிறகு மூன்று விருப்பப் பாடங்கள். மையப் பட்டியலில் இரண்டுக்கு மேல் படித்திருந்தால் மிகுதியை விருப்பப் பாடமாகக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இந்தச் சலுகையை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

இயந்திரக் கற்றல் பிரிவுக்கு ஐந்து பாடங்கள். இங்கேயும் ஜிஏ உண்டு. இயந்திரக் கற்றல் என்ற பெயரிலேயே இருக்கும் சிஎஸ் 7641 கட்டாயம். மற்ற மூன்றை ஆழ்கற்றல், வலுவூட்டல் கற்றல், கணினிப் பார்வை, பங்கு வணிகத்துக்கான இயந்திரக் கற்றல் முதலியவற்றிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம். செயற்கை நுண்ணறிவு என்ற பெயருள்ள சிஎஸ் 6601 இந்தப் பட்டியலில் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதை எடுத்தால் அது பிரிவுக்கு வெளியே உள்ள பாடமாகத்தான் எண்ணப்படும்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவுப் பிரிவு. முன்பு இதற்கு ‘இன்டராக்டிவ் இன்டெலிஜென்ஸ்’ என்று பெயர். ஐந்து பாடங்கள். ஜிஏ அல்லது மென்பொருள் உருவாக்க முறை, இரண்டில் ஒன்று போதும். செயற்கை நுண்ணறிவு, அறிவுசார் செயற்கை நுண்ணறிவு, இயந்திரக் கற்றல் ஆகிய மூன்றில் இரண்டு. மனிதர்–கணினி ஊடாட்டம், கல்வித் தொழில்நுட்பம், விளையாட்டு நுண்ணறிவு போன்றவற்றில் இரண்டு. ஜிஏ இல்லாமல் பட்டம் வாங்க இங்கே வழியிருப்பதால் இதைக் கோழைகளின் பாதை என்று கேலி செய்பவர்கள் உண்டு. அது அநியாயமான பேச்சு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ரோபாட்டிக்ஸ் சார்ந்த பிரிவும் இருக்கிறது. யுடாசிட்டியை நிறுவியவர்களில் ஒருவரான செபாஸ்டியன் த்ருன் காணொளிகளில் சொல்லித்தரும் ரோபாட்டிக்ஸுக்கான செயற்கை நுண்ணறிவுப் பாடம் அதன் மணிமகுடம். ரோபோ தன் இருப்பிடத்தை ஊகிக்க உதவும் கால்மன் வடிகட்டியையும் துகள் வடிகட்டியையும் அவ்வளவு எளிமையாகச் சொல்லித்தருபவர்கள் குறைவு. ஆனால் ரோபோ, சென்சார் போன்ற கருவிகளோடு வேலை செய்யாதவர் ஐந்து பாடங்களை அந்தத் திசையில் செலவிடக் காரணமில்லை. அந்த ஒரு பாடத்தை மட்டும் வெளிப் பாடமாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

மதிப்பெண் எங்கிருந்து வருகிறது

பாதைகளை ஒப்பிடுபவர்கள் பாடத் தலைப்புகளையே ஒப்பிடுகிறார்கள். ஒரு பருவம் படித்துப் பார்த்தால் தெரியும்: தலைப்பைவிட, மதிப்பெண்ணை யார், எப்படித் தருகிறார்கள் என்பதுதான் வாரக் கடைசியில் நீங்கள் என்ன மனநிலையில் இருப்பீர்கள் என்பதை முடிவுசெய்கிறது.

சிஸ்டம்ஸ் பாடங்களில் பெரும்பாலும் ஒரு நிரல்தான் உங்களைச் சோதிக்கிறது. அடா கவ்ரிலோவ்ஸ்காவின் இயங்குதள அறிமுகப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் அறிமுகம் இருந்தாலும் சி மொழி தெரியாமல் உள்ளே வந்தவரை முதல் மாதத்திலேயே திணறடித்துவிடும். பல இழைகளில் இயங்கும் கோப்புச் சேவையகம், பகிர்ந்த நினைவகத்தின் வழியே பேசிக்கொள்ளும் ப்ராக்ஸி என்ற இடைநிலைச் சேவையகம், கணினிகள் ஒன்றையொன்று அழைக்க உதவும் ஜிஆர்பிசி கொண்டு எழுதும் பரவலான கோப்பு முறைமை என்று மூன்று திட்டங்கள். நிரலை அனுப்பினால் தானியங்கிச் சோதனை ஓடும். தேறும், அல்லது தேறாது. இழைகளுக்கு நடுவே எங்கோ ஒரு பூட்டைத் திறக்க மறந்திருந்தால் உங்கள் கணினியில் நூறு முறை ஓடிய நிரல் அவர்கள் சோதனையில் நூற்றோராவது முறை உறைந்து நிற்கும். வெறுப்பாக இருக்கும்; ஆனால் நியாயத்தைப் பற்றிச் சந்தேகம் வராது. தவறு எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கிறது, தேடினால் கிடைத்துவிடும்.

அதன் தொடர்ச்சி உமாகிஷோர் ராமச்சந்திரனின் மேம்பட்ட இயங்குதளங்கள். மெய்நிகர் இயந்திரங்களுக்கு நடுவே செயலியையும் நினைவகத்தையும் பங்கிடும் நிரல், இணைநிரலாக்கக் கருவிகளான ஓப்பன்எம்பியிலும் எம்பிஐயிலும் தடுப்பு ஒத்திசைவு, பெரிய தரவைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கணக்கிடும் மேப்ரெட்யூஸ் சிறிய அளவில் ஒன்று. கூடவே ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் பழக்கம். மிலோஸ் பிர்வுலோவிச்சின் கணினிக் கட்டமைப்புப் பாடம் இந்த இரண்டுக்கும் நல்ல துணை. நிரல் எந்தக் கிளையில் போகும் என்று செயலி ஊகிப்பதும், பல செயலிகளின் கேஷ் நினைவகங்கள் ஒத்துப்போவதும் புரிந்த பிறகு, நீங்கள் அன்றாடம் எழுதும் ஜாவா நிரல்கூட வேறு கண்ணுக்குத் தெரியும்.

இயந்திரக் கற்றல் பாடத்தில் நிலைமை தலைகீழ். சார்ல்ஸ் இஸ்பெல்லும் மைக்கேல் லிட்மனும் பேசிச் சிரித்துக்கொண்டே நடத்தும் காணொளிகளைப் பார்த்து மயங்கிச் சேருபவர்களுக்கு முதல் ஒப்படைப்பு அதிர்ச்சி தரும். நிரலுக்கு அங்கே மதிப்பெண்ணே இல்லை என்று சொல்லலாம். நூலகங்களை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒப்படைப்பின் மதிப்பெண் முழுவதும் நீங்கள் எழுதும் அறிக்கைக்குத்தான். வளைவரை ஏன் அந்த இடத்தில் வளைந்தது, இந்த வழிமுறை ஏன் அந்தத் தரவில் தோற்றது என்று விளக்க வேண்டும். மேற்பார்வைக் கற்றல், தோராயத் தேடலால் உகப்பாக்கல், மேற்பார்வையில்லாக் கற்றல், மார்க்கோவ் முடிவுச் செயல்முறை என்று நான்கு ஒப்படைப்புகள். திருத்துபவர் ஓர் உதவி ஆசிரியர், அதாவது ஒரு மனிதர். அவர் எதை எதிர்பார்க்கிறார் என்பது முதல் அறிக்கை திரும்பி வரும் வரை முழுதாக விளங்காது. தானியங்கிச் சோதனைக்குப் பழகிய பொறியாளர்கள் பலர் இங்கே எரிச்சலடைகிறார்கள். ஆனால் ஒரு முடிவை எண்களோடு வைத்து, அதற்குக் காரணம் சொல்லி, அந்தக் காரணத்தை இன்னொரு சோதனையால் நிறுவும் பழக்கத்தை இவ்வளவு கறாராகப் புகட்டும் பாடம் வேறில்லை. ஐந்து பாடங்களில் எனக்குப் பயன்பட்டது எது என்று கேட்டால், இந்தத் தொல்லை பிடித்த பாடத்தைத்தான் சொல்வேன்.

ஆழ்கற்றல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: நரம்பு வலையைக் கையால் எழுதும் பகுதிக்குச் சோதனை நிரல் உண்டு, குழுத் திட்டத்துக்கு அறிக்கை உண்டு. வலுவூட்டல் கற்றல், இயந்திரக் கற்றலின் நீட்சி. 1988-இல் ரிச்சர்ட் சட்டன் வெளியிட்ட ஆய்வின் வரைபடங்களை நீங்களே மறுபடி உருவாக்கிக் காட்ட வேண்டிய திட்டம் அதில் புகழ்பெற்றது. பங்கு வணிகத்துக்கான பாடம் இலகுவானது. பைத்தான் நூலகங்களான நம்பையும் பாண்டாஸும் கைவரும். பணம் வரும் என்று நம்ப வேண்டாம்.

மூன்றாவது பாதையில் மதிப்பெண் எழுத்திலிருந்து வருகிறது. டேவிட் ஜாய்னரின் மனிதர்–கணினி ஊடாட்டப் பாடத்தை அமெரிக்க மாணவர்கள் எளிது என்பார்கள். நேரம் எடுக்கும், கடினமில்லை என்பார்கள். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, ஆங்கிலத்தை அலுவலக மின்னஞ்சலில் மட்டும் புழங்கியவருக்கு, வாரந்தோறும் கட்டுரை எழுதுவது எளிதாக இருக்காது. ஒரு திட்டத்தின் நிரலை இரண்டு மாலைகளில் முடிக்கிறவர், ஒரு பக்கக் கட்டுரைக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுக்க நேரும். எனவே பிறர் சொல்லும் எளிது, கடினம் என்ற மதிப்பீடுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சொல்பவர் எந்த மொழியில் சிந்திக்கிறார், எந்த வேலையில் இருக்கிறார் என்று பார்த்துத்தான் எடைபோட வேண்டும். மறுபுறம், ஆங்கிலத்தில் நீளமாக, ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள்வதே உங்கள் தேவை என்றால் அந்தப் பாடத்துக்கு நிகர் இல்லை. வேலையில் மேலே போகப் போக எழுத்துதான் கூடுகிறது, நிரல் குறைகிறது.

அசோக் கோயலின் அறிவுசார் செயற்கை நுண்ணறிவுப் பாடமும் இந்தப் பாதையில்தான் வருகிறது. 2016-இல் ‘ஜில் வாட்சன்’ என்ற பெயரில் மாணவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த உதவி ஆசிரியர் ஒரு மென்பொருள் என்று பருவத்தின் கடைசியில் அறிவித்தார்களே, அந்த வகுப்புதான் இது. வடிவங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் ராவன் புதிர்களைத் தீர்க்கும் நிரலைப் பருவம் முழுக்க வளர்த்தெடுப்பது பல ஆண்டுகளாக இதன் அடையாளமாக இருந்தது. பெரிய மொழி மாதிரிகளின் காலத்தில் இதெல்லாம் பழைய கள் என்று தோன்றலாம். அறிவை ஒழுங்குபடுத்தி வைக்கும் சட்டகம், பொருள் வலை, பழைய நிகழ்வுகளைக் கொண்டு புதியதைத் தீர்த்தல் ஆகியவற்றை இப்போதும் ஊன்றிக் கற்பிக்கும் இடம் அதிகமில்லை என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு சாய்வு உண்டு. கோழைப் பாதை என்ற பேச்சு எனக்குப் பிடிக்காததற்கு முதல் காரணம் இதுதான். தாட் ஸ்டார்னரின் செயற்கை நுண்ணறிவுப் பாடம் இரண்டாவது காரணம். அதன் தேர்வுகளை வீட்டில் வைத்துப் பல நாட்கள் எடுத்து எழுதலாம், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். அப்படியும் அதை எளிது என்று சொன்னவரை நான் சந்தித்ததில்லை.

ஐந்தும் ஆறும்

இனி அந்தக் கணக்கு. இயந்திரக் கற்றலுக்கு ஐந்து, சிஸ்டம்ஸுக்கு ஆறு, கூட்டினால் பதினொன்று. ஜிஏ இரண்டுக்கும் பொது என்பதால் ஒன்றைக் கழித்தால் பத்து. பட்டத்துக்கு வேண்டியதும் சரியாகப் பத்து.

அதாவது ஜிஏ, இயந்திரக் கற்றல், ஆழ்கற்றல், வலுவூட்டல் கற்றல், பங்கு வணிகத்துக்கான பாடம் ஆகிய ஐந்தும் ஒரு பக்கம். மேம்பட்ட இயங்குதளங்களும் கணினிக் கட்டமைப்பும் மறுபக்கத்தின் மையப் பாடங்கள். இயங்குதள அறிமுகம் விருப்பப் பாடம். கணினி வலையமைப்பும் மென்பொருள் உருவாக்க முறையும் மையப் பட்டியலின் மிகுதியாக விருப்பப் பாடக் கணக்கில் சேரும். இந்தப் பத்தைப் படித்தவர் கடைசியில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சேரும் ஆண்டின் பாடப் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் பட்டியலில் பாடங்கள் கூடுவதும் விலகுவதும் நடக்கும்.

காப்பீடு என்று சொன்னது இதைத்தான். மேம்பட்ட இயங்குதளங்களில் ‘சி’ வந்துவிட்டதா? இயந்திரக் கற்றல் பிரிவை எழுதிக்கொடுங்கள். அந்தச் ‘சி’ வெளிப் பாடத்தின் ‘சி’யாகி, ஓர் ‘ஏ’யால் சமனாகிவிடும். வலுவூட்டல் கற்றலில் சறுக்கினால் சிஸ்டம்ஸ் இருக்கிறது. எந்தப் பக்கம் அடிபட்டாலும் மறுபக்கம் தாங்கும். தொடக்கத்திலேயே ஒரு பிரிவின் பெயரில் மனத்தைக் கட்டிப்போட்டு, மிச்ச இடங்களை இலகுவான பாடங்களால் நிரப்புகிறவருக்கு இந்த வசதி கிடைக்காது.

எதற்கும் தாங்காத இடம் ஒன்றுதான்: ஜிஏ. அது இரண்டு பாதைகளுக்கும் பொது என்பதால்தான் கணக்குப் பத்தில் முடிகிறது. அதே காரணத்தால் அதில் ‘பி’ வராவிட்டால் இரண்டு பாதைகளும் ஒருசேர அடைபடும். மாணவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது ஜாதகத்தில் கண்டம் இருப்பதைப் போலப் பேசுவது சும்மா இல்லை.

ஜிஏயின் பாடத்திட்டம் ஒன்றும் விசித்திரமானதல்ல. இயங்குநிலை நிரலாக்கம், பிரித்தாளும் வழிமுறைகள், வேகமான ஃபூரியே மாற்றம், ஆர்எஸ்ஏ மறையாக்கம், வரைபட அல்காரிதங்கள், பெரும ஓட்டம், நேரியல் நிரலாக்கம், வேகமான தீர்வு இல்லை என்று கருதப்படும் கணக்குகளைப் பற்றிய என்பி-முழுமை. கல்லூரியில் எல்லோரும் பெயரளவிலாவது கேட்டவை. சிக்கல் தேர்வு முறையில். மதிப்பெண்ணில் பெரும்பங்கு தேர்வுகளுக்கே போகிறது. சில கேள்விகளில் நிரலைப் போல எழுதக் கூடாது. வழிமுறையைச் சொற்களில் விளக்கி, அது ஏன் சரி என்று காட்டி, எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நிறுவ வேண்டும். ஒரு கணக்கை இன்னொன்றாக மாற்றிக் காட்டும் என்பி-முழுமைக் குறைத்தலை எந்தத் திசையில் செய்ய வேண்டும் என்பதைத் தலைகீழாகப் பிடித்தால் அந்தக் கேள்வி போயிற்று. பத்தாண்டு வேலை அனுபவம் இங்கே எந்த உதவியும் செய்யாது. கல்லூரியை விட்டு இரண்டு ஆண்டுகளே ஆனவர், பதினைந்து ஆண்டு மூத்தவரைவிடச் சுலபமாகத் தேறிவிடுகிறார்.

ஏன் ஏழாவது

பலர் ஜிஏயைப் பத்தாவதாக எடுக்கிறார்கள். பதிவில் முன்னுரிமை, முடித்த கிரெடிட்டுகளைப் பொறுத்தது என்பது ஒரு காரணம். பழைய மாணவர்களுக்குப் பதிவு முதலில் திறக்கும். ஒத்திப்போடும் மனம் இன்னொரு காரணம், அதுதான் பெரியதும்கூட. ஒன்பது பாடங்களை முடித்துவிட்டு, வாசற்படியில் நின்றுகொண்டு ஜிஏயில் ‘சி’ வாங்குகிறவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பத்துப் பாடம் முடிந்திருக்கும், பட்டம் இருக்காது. மறுபடி ஜிஏ எடுக்க வேண்டும், அல்லது செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்குத் தாவ வேண்டும். மேலே சொன்ன பத்துப் பாடங்களிலிருந்து தாவினால் மென்பொருள் உருவாக்க முறையும் இயந்திரக் கற்றலும் உதவும். இன்னும் மூன்று பாடங்கள் பாக்கி நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்தால் ஓராண்டு.

அதே ‘சி’ ஏழாவது பாடத்தில் வந்தால்? பிரிவை மாற்றிக்கொள்ளும்போது ஜிஏ வெளிப் பாடமாகிவிடும், கிரெடிட் வீணாகாது. ஏழு முடிந்தது, மூன்று பாக்கி. தேவைப்படுவதும் அந்த மூன்றுதான்: செயற்கை நுண்ணறிவு, மனிதர்–கணினி ஊடாட்டம், கல்வித் தொழில்நுட்பம். ஒரு பருவம்கூடக் கூடுதலாக ஆகாது. எட்டாவதாக எடுத்துச் சறுக்கினால் ஒரு பாடம் கூடும், ஒன்பதாவதில் இரண்டு. ஆக, ஜிஏயைத் தள்ளிப்போடலாம், ஆனால் ஏழுக்கு மேல் தள்ளக் கூடாது. இதற்கு ஒரே நிபந்தனை, முதல் ஆறுக்குள் மென்பொருள் உருவாக்க முறையும் இயந்திரக் கற்றலும் வந்திருக்க வேண்டும். தேர்வு சரியாகப் போகவில்லை என்று பருவத்தின் நடுவிலேயே தெரிந்தால், கெடு முடிவதற்குள் விலகிக்கொள்ளலாம்; மதிப்பெண் பட்டியலில் ‘டபிள்யூ’ விழும், சராசரியைத் தொடாது.

இந்தக் கணக்கிலிருந்து வரிசை தானாகவே வருகிறது. முதலில் மென்பொருள் உருவாக்க முறை. வேலையில் இருப்பவருக்குப் பழக்கமான களம். பாடம் எப்படி நடக்கிறது, கேள்விகளை எங்கே கேட்பது, கண்காணிப்புத் தேர்வு எப்படி இருக்கும் என்று பிடிபட ஒரு பருவம் கிடைக்கும். இரண்டாவது இயங்குதள அறிமுகம். இரண்டும் அடித்தளப் பட்டியலில் இருப்பவை, ஆகவே 12 மாத நிபந்தனை அப்போதே தீர்ந்துவிடும். மெக்கானிக்கலோ எலக்ட்ரானிக்ஸோ படித்துவிட்டு மென்பொருள் வேலைக்கு வந்தவர், இளங்கலைக் கணினி அறிவியலில் தவறவிட்டதன் பெரும்பகுதியை இயங்குதள அறிமுகம் என்ற ஒரு பாடத்திலேயே பிடித்துவிடலாம். மூன்றாவது பங்கு வணிகத்துக்கான பாடம், நான்காவது இயந்திரக் கற்றல். இந்த முன்பின் முறை மிக முக்கியம், ஏனென்றால் முன்னதில் கைக்கு வரும் பைத்தான் கருவிகள் பின்னதன் முதல் ஒப்படைப்பில் மூச்சு விட இடம் தரும். ஐந்தாவது மேம்பட்ட இயங்குதளங்கள், ஆறாவது கணினி வலையமைப்பு, ஏழாவது ஜிஏ. தேறிவிட்டால் மிச்சம் மூன்றும் கொண்டாட்டம்தான்: ஆழ்கற்றல், கணினிக் கட்டமைப்பு, வலுவூட்டல் கற்றல். அவற்றில் ஒன்றில் ‘சி’ வந்தால்கூட ஏதோ ஒரு பிரிவு கைகொடுக்கும்.

கோடைப் பருவம் மற்ற பருவங்களைவிட ஐந்து வாரம் குறைவு, பாடமோ ஏறக்குறைய அதே அளவு. ஆகஸ்டில் தொடங்கி ஒவ்வொரு பருவமும் ஒரு பாடம் என்று போனால் மூன்றாவதும் ஆறாவதும் கோடையில் விழும். மேலே உள்ள வரிசையில் அவை இரண்டும் இலகுவானவை. ஜனவரியில் தொடங்கினால் இரண்டாவதும் ஐந்தாவதும் கோடையில் வரும். அப்போது இயங்குதளப் பாடங்கள் இரண்டையும் ஓரிடம் பின்னுக்குத் தள்ளி, பங்கு வணிகத்தையும் வலையமைப்பையும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். எப்படித் தொடங்கினாலும் ஏழாவது கோடையில் விழாது.

பருவத்துக்கு ஒன்றா, இரண்டா? ஒவ்வொன்றாக எடுத்தால் மூன்று ஆண்டும் நான்கு மாதமும். கோடையை விட்டுவிட்டு இரண்டிரண்டாக எடுத்தால் இரண்டரை ஆண்டு. பருவத்துக்கு ஒருமுறை கட்டும் தனிக் கட்டணத்திலும் கொஞ்சம் மிச்சமாகும். அந்த மிச்சத்துக்காக இரண்டு எடுக்காதீர்கள். இயந்திரக் கற்றல், இயங்குதளம், ஜிஏ மூன்றும் ஒவ்வொன்றும் வாரத்துக்குப் பதினைந்து இருபது மணி நேரம் கேட்பவை. சென்னையில் இருந்துகொண்டு, அமெரிக்க வாடிக்கையாளரோடு இரவு பத்து மணி வரை கூட்டம் நடத்துகிறவருக்கு அந்த நேரம் சனி, ஞாயிறில் மட்டுமே இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுப் படிப்பவர், அல்லது வேலை இலகுவாக இருக்கும் பருவத்தைப் பார்த்து வலையமைப்பையும் பங்கு வணிகத்தையும் சேர்த்து எடுப்பவர், இந்த இருவருக்கு மட்டும் இரண்டு சரிப்படும்.

கெடு நேரத்திலும் நமக்கு ஒரு சலுகை உண்டு, ஒரு கண்ணியும் உண்டு. பல பாடங்களில் ஞாயிறு நள்ளிரவு என்பது பூமியில் கடைசியாக நள்ளிரவு ஆகும் இடத்தைக் கணக்கில் வைத்துச் சொல்வது. இந்திய நேரப்படி அது திங்கள் மாலை 5:29. ஞாயிறு இரவைத் தாண்டியும் பதினேழு மணி நேரம் கிடைக்கிறது என்று மகிழலாம். அந்தப் பதினேழில் பாதியை அலுவலகம் எடுத்துக்கொள்ளும் என்பது முதல் திங்கட்கிழமை தெரியவரும். அட்லாண்டா நேரத்தையே கெடுவாக வைக்கும் பாடமானால் அது திங்கள் காலை 9:29 அல்லது 10:29, அங்கே கடிகாரத்தை மாற்றிவைக்கும் காலத்தைப் பொறுத்தது. நவம்பர் தொடக்கத்தில் அந்த மாற்றம் வருகிறது, ஆகஸ்டில் படிப்பைத் தொடங்கியவருக்கு ஜிஏ பருவத்துக்குள்ளேயே.

அமெரிக்கா போகும் எண்ணத்தோடு இதில் சேருகிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இணையவழிப் பட்டம் மாணவர் விசா தராது, அதைத் தொடர்ந்து வரும் வேலை அனுமதியும் கிடையாது. அதற்கு வளாகத்தில் சேர்வது ஒன்றே வழி. அங்கே செலவுக் கணக்கு வேறு. முனைவர் பட்டத்துக்குப் போக விரும்புகிறவருக்கும் இந்த வரிசை முழுதாகப் பொருந்தாது. அவர் வலுவூட்டல் கற்றலைக் கடைசிக்கு விடாமலும், மேம்பட்ட இயங்குதளங்களை இன்னும் முன்னேயும் எடுத்து, அந்தப் பாடங்களின் ஆசிரியர் அல்லது உதவி ஆசிரியரின் கண்ணில் படும்படி வேலை செய்து, ஆய்வுத் திட்டம் ஒன்றில் நுழையப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் பட்டத்தில் பரிந்துரைக் கடிதம் எழுதும் அளவுக்கு ஓர் ஆசிரியருக்கு உங்களைத் தெரியவைப்பது, ஜிஏயைவிடக் கடினமான வேலை.